உப்பு ஐஸில் வைத்த தெர்மாமீட்டர்

இஸ்திரிப் பெட்டியின் சுருள் கம்பியைப் பிரித்து மிளகு எண்ணெய் சோதிக்கும் மெஷினின் அடுப்புக்குள் வைத்து ஓட்டியவன் நான். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடியை வெட்டி, அதே அடுப்புக்குள் சுற்றும் விசிறிக்கு இலை செய்தவனும் நான்தான். ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் வைக்கும் பெட்டி நாலு டிகிரியில் நிற்காமல் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் ஏறிக்கொண்டிருந்தது. டை கட்டிய இன்ஜினியர் வந்து பார்த்து, வெளிநாட்டிலிருந்து சாமான் வர மூன்று மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே அதை நாலில் நிறுத்தினேன். சாமான் வந்தபோது பிரிக்காமலேயே ஒரு மூலையில் போட்டு வைத்தார்கள். இன்குபேட்டர், வாட்டர் பாத், ஓவன், ஃபர்னஸ் என்று சூடு நிற்க வேண்டிய எந்தப் பெட்டியும், குளிர் நிற்க வேண்டிய எந்தப் பெட்டியும், கொச்சியிலிருந்து ஆலப்புழை வரை என் கை படாமல் இருந்ததில்லை. நான் படித்தது ஆறாம் வகுப்பு. அதிலும் கடைசி மூன்று மாதம் போகவில்லை.

இதையெல்லாம் எழுதித் தரச் சொல்லி எங்கள் லேப் மெஷின் மெக்கானிக்குகள் சங்கத்து ஆட்கள் இரண்டு வருடமாகக் கேட்கிறார்கள். இப்போது எல்லாப் பெட்டியும் செல்போனோடு பேசுகிறது. எங்கோ பெங்களூரில் உட்கார்ந்து ஒருவன் மட்டாஞ்சேரி ஓவனின் சூட்டைக் கூட்டிக் குறைக்கிறான். அதனால் பழைய ஆட்கள் எப்படிப் பிழை கண்டுபிடித்தார்கள் என்று சங்கத்து ஆண்டு மலரில் போட வேண்டுமாம். எழுதுகிறேன். ஆனால் நீங்கள் கேட்டது ஒன்று, நான் எழுதப்போவது இன்னொன்று. கடைசி வரை படித்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். நடுவில் வெட்டக் கூடாது.

என் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து கொச்சங்காடி கிடங்குகளில் சுக்கு மூட்டை சுமந்தவர். நான் சைக்கிள் கடையில் இரண்டு வருடம், ஃப்ரிட்ஜ் கடையில் நாலு வருடம். அப்புறம் பைலி ஆசானிடம் சேர்ந்தேன். படிப்பு அவ்வளவுதான்.

பைலி ஆசானைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. குட்டையான ஆள். வெள்ளை முண்டு, வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு ஜெபமாலையும். எந்த லேபுக்குப் போனாலும் முதல் பத்து நிமிடம் மெஷினைத் தொட மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். என் கை துறுதுறுக்கும்.

"எடா மாணிக்கா, கையை உள்ள போடு. மெஷின் ஓடிப் போகாது" என்பார்.

பிறகு அந்த மெஷினில் வேலை செய்கிறவரைப் பார்த்துத் திரும்பி ஒரே கேள்வி கேட்பார்: "இது கடைசியா எப்ப நல்லா இருந்தது?" எப்போது கெட்டது என்று கேட்க மாட்டார். எப்போது கெட்டது என்று கேட்டால் ஆட்கள் பயந்துபோய்ப் பொய் சொல்வார்கள், எப்போது நன்றாக இருந்தது என்று கேட்டால் சந்தோஷமாக உண்மையைச் சொல்வார்கள் என்பது அவர் கணக்கு.

அவர் சொல்லித் தந்த அந்தப் பத்து நிமிடத்தால்தான் எனக்குப் பேர் வந்தது. ஏலக்காய் எண்ணெய் சோதிக்கிற ஒரு லேபில், எண்ணெயில் இருப்பதைப் பிரித்துக் காகிதத்தில் கோடாகக் காட்டும் குரோமடோகிராஃப் மெஷின் காலையில் ஒழுங்காக வேலை செய்யும். மூன்று மணிக்கு மேல் கோடு எல்லாம் இடம் மாறி வரும். அந்த மெஷினுக்குள் ஓர் அடுப்பு உண்டு. அது ஒவ்வொரு சோதனைக்கும் சூடாகி, அப்புறம் குளிர்ந்து, முதலில் நின்ற சூட்டுக்கே திரும்ப வர வேண்டும். வராவிட்டால் அடுத்த சோதனை தப்பு. கம்பெனி ஆட்கள் இரண்டு முறை போர்டு மாற்றிவிட்டார்கள். நான் போய் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் இல்லை, மத்தியானம் முழுக்க. அங்கிருந்த கெமிஸ்டுகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"சேட்டன் மெஷின் ரிப்பேருக்கு வந்தாரா, பெண் பார்க்க வந்தாரா?" என்றான் ஒருத்தன்.

மூன்று மணிக்குச் சுமைதூக்குகிறவர் வந்து மாதிரி மூட்டைகளை மெஷினுக்குப் பின்னால் சுவரோரம் அடுக்கினார். மெஷினின் முதுகில் சூட்டுக் காற்று வெளியே போகிற கதவு இருக்கிறது. மூட்டை அதன் மேல் சாய்ந்தது. கதவு திறக்கவில்லை. அடுப்பு குளிரவில்லை. எழுந்து போய் மூட்டையை ஒரு முழம் தள்ளி வைத்தேன். வேலை முடிந்தது. ஸ்க்ரூடிரைவரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. சிரித்தவன்தான் சாயா வாங்கிக் கொடுத்தான்.

இந்தக் கதையைச் சங்கத்தில் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். நானே நூறு தடவை சொல்லியிருக்கிறேன். இனி சொல்லப்போவது யாரும் கேட்காதது.

பைலி ஆசான் இரண்டாவதாகக் கற்றுத் தந்தது ஐஸ். தெர்மாமீட்டர் உண்மை சொல்கிறதா என்று பார்க்க ஐஸில் வைத்துப் பார்க்க வேண்டும். சரியான ஐஸில் சரியான தெர்மாமீட்டர் பூஜ்யத்தில் நிற்கும். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் சரியான ஐஸ் எது என்பதில்தான் ஆசான் இருந்தார். பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தமான தண்ணீரைத் தனித் தட்டில் ஊற்றி, மீன் வைக்காத ஃப்ரிட்ஜில் உறைய வைப்பார். வெளுத்த துணியில் சுற்றி மரக் கட்டையால் தட்டி நொறுக்குவார். அதற்கு முன் கையை மூன்று தடவை கழுவுவார். ஃபிளாஸ்க்கையும் அதே தண்ணீரில் அலசி, ஐஸை அமுக்கி நிரப்பி, இடுக்கில் நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, தெர்மாமீட்டரை நடுவில் இறக்கிக் கால் மணி நேரம் காத்திருப்பார். பிறகு கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து படிப்பார். எந்த லேபுக்குக் கிளம்பினாலும் இந்த ஃபிளாஸ்க் கூட வரும்.

"எதுக்கு ஆசானே இத்தனை பாடு? போற இடத்துல ஐஸ் கிடைக்காதா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"கிடைக்கும். ஆனா ஐஸ் நம்ம ஐஸா இருக்கணும்டா. அடுத்தவன் ஐஸ்ல என்ன கலந்திருக்குன்னு உனக்குத் தெரியாது. கை உப்பு பட்டாலே போதும், பூஜ்யத்துக்குக் கீழ இறங்கிடும்" என்றார்.

அவர் காலமான பிறகு ஃபிளாஸ்க் எனக்கு வந்தது. பல வருடம் ஒழுங்காகக் கொண்டுபோனேன். பிறகு பேர் பெருகியது. ஸ்கூட்டரில் ஒரு நாளைக்கு நாலு லேப், ஐந்து லேப். ஃபிளாஸ்க் ஒரு நாள் என்னோடு வந்தால் மறுநாள் வராது.

இப்போது இறால் கம்பெனி.

பதினாலு வருடம் ஆகிறது. தோப்பும்படிப் பக்கம் இறால் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனி. பேர் வேண்டாம், இப்போது அது வேறு கைக்குப் போய்விட்டது. உள்ளே சின்னதாக ஒரு லேப். அதில் ரெஜினா என்று ஒரு பெண். கும்பளங்கிக்காரி, பி.எஸ்ஸி. படித்தவள், அப்போது இருபத்தெட்டு வயது இருக்கும். வருகிற இறாலில் கெட்ட கிருமி இருக்கிறதா என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. அவள் கையெழுத்துப் போட்டால் சரக்கு உள்ளே போகும், இல்லாவிட்டால் திரும்பிப் போகும். கண்டிப்பான பெண். லேபுக்குள் செருப்போடு நுழைந்த மானேஜரையே வெளியே நிறுத்தியவள்.

அந்தச் சோதனைக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் தண்ணீர் நாற்பத்திநாலரை டிகிரியில் நிற்க வேண்டும். இறாலைக் கரைத்த குழாய்களை அதில் ஒரு நாள் முழுக்க வைப்பார்கள். அந்தச் சூட்டில் கெட்ட கிருமி மட்டும்தான் வளர்ந்து குழாயில் குமிழி விடும். சூடு குறைந்தால் ஒன்றும் செய்யாத சாதுக் கிருமிகளும் சேர்ந்து வளர்ந்து குமிழி விடும். குமிழி வந்தால் இறால் கெட்டது என்று அர்த்தம். எது எதனால் வந்தது என்று குமிழியைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாம் அந்த நாற்பத்திநாலரையில்தான் இருக்கிறது.

தொட்டி சூடாகாமல் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். போனேன். சூட்டுக் கம்பிக்குக் கரண்ட் விடும் ரிலே போயிருந்தது. மாற்றினேன். அரை மணியில் தொட்டியின் முகப்பில் நாற்பத்திநாலரை என்று வந்தது. என் தெர்மாமீட்டரை இறக்கினேன், அதுவும் நாற்பத்திநாலரை. ரெஜினாவின் தெர்மாமீட்டர் தொட்டியிலேயே தொங்கியது, அதுவும் நாற்பத்திநாலரை. மூன்றும் ஒரே பேச்சு. அத்தோடு பெட்டியை மூடிவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும்.

என் வித்தையைக் காட்டாமல் கிளம்ப எனக்கு மனம் வரவில்லை. ரிலே மாற்றுவது எவனும் செய்கிற வேலை. மாணிக்கம் வந்தான் என்றால் அதற்கு மேல் ஒன்று இருக்க வேண்டாமா? "ஐஸ்ல வச்சுப் பார்த்துடலாம்" என்றேன். அன்று ஃபிளாஸ்க் என்னோடு வரவில்லை. ஆனால் நான் நின்றது ஐஸ் மலை மலையாகக் குவிந்த கம்பெனியில். இறால் கம்பெனிக்கு எவனாவது வீட்டிலிருந்து ஐஸ் கொண்டுபோவானா? லேபுக்கு வெளியே நின்ற ஒரு பிளாஸ்டிக் கிரேட் பெட்டியிலிருந்து ஒரு மக் நிறைய நொறுங்கிய ஐஸை அள்ளி வந்தேன். தெர்மாமீட்டரைச் சொருகினேன். பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு டிகிரியில் போய் நின்றது.

அந்த ஐஸ், இறாலைச் சீக்கிரம் குளிர வைக்க உப்புப் போட்டுக் கலக்கியது. எல்லா இறால் கம்பெனியிலும் செய்கிறதுதான். மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாததா? தெரியும். அந்த நிமிடத்தில் நினைவுக்கு வரவில்லை. என் தெர்மாமீட்டர் இரண்டு டிகிரி குறைத்துக் காட்டுகிறது என்று எடுத்துக்கொண்டேன். அதுவும் ரெஜினாவின் தெர்மாமீட்டரும் ஒரே கடையில் ஒரே சமயத்தில் வாங்கியது, அதனால் அதுவும் அப்படித்தான். தொட்டியை முன்பு இவற்றை வைத்துத்தான் சரிசெய்தார்கள், அதனால் தொட்டியும் அப்படித்தான். மூன்றும் ஒரே பொய் சொல்கின்றன, நான் ஒருவன் கண்டுபிடித்துவிட்டேன். எவ்வளவு அழகாக வந்து பொருந்தியது பாருங்கள்! என் ஆயுளில் அவ்வளவு வேகமாக என் மூளை வேலை செய்ததில்லை.

தொட்டிக்குப் பின்னால் ஒரு சின்னத் திருகாணி உண்டு. அதைத் திருகித் தண்ணீரை இரண்டு டிகிரி இறக்கினேன். முகப்பில் மட்டும் நாற்பத்திநாலரை என்றே நிற்கும்படி செய்தேன்.

ரெஜினா பார்த்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் பேசியது மலையாளத்தில். எனக்கு எழுத வருவது தமிழ் மட்டும், அதனால் இங்கே இப்படி.

"மாணிக்கம் சேட்டா, ஒண்ணு கேக்கட்டே? முகப்புல நாற்பத்திநாலரை. என் தெர்மாமீட்டர்ல இப்ப நாற்பத்திரண்டரை. முன்ன ரெண்டும் ஒத்துப் போச்சே."

"மோளே, உன் தெர்மாமீட்டரும் என் தெர்மாமீட்டரும் இரட்டைப் பிள்ளைங்க. ஒண்ணுக்குச் சளி பிடிச்சா இன்னொண்ணுக்கும் பிடிக்கும். ரெண்டும் ரெண்டு டிகிரி குறைச்சுக் காட்டுது. ஐஸ்ல பார்த்துட்டேன்ல?"

"அப்ப புதுசு வாங்கணுமா?"

"எதுக்கு? ரெண்டு கூட்டி எழுதிக்கோ."

"உறப்பா?" என்றாள், நிச்சயமா என்று.

"நீ பொறக்கிறதுக்கு முன்னாடி நான் சூடு பார்க்க ஆரம்பிச்சவன்" என்றேன்.

அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் 'இரண்டு கூட்டுக' என்று எழுதி, தன் தெர்மாமீட்டரின் தலையில் ஒட்டினாள். நான் சர்வீஸ் காகிதத்தில் 'ரிலே மாற்றியது, சரி' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் எப்போதும் அவ்வளவுதான் எழுதுவேன். இங்கிலீஷில் இரண்டு வரிக்கு மேல் எழுதினால் தப்பு வரும், கெமிஸ்டுகள் சிரிப்பார்கள். அதனால் திருகாணியைப் பற்றியோ, இரண்டு கூட்டச் சொன்னதைப் பற்றியோ ஒரு காகிதத்திலும் இல்லை.

மறுநாளிலிருந்து குழாய்களில் குமிழி வர ஆரம்பித்தது.

முதலில் ஒரு லாரிச் சரக்கு திரும்பிப் போனது. பிறகு இன்னொன்று. அதிகமும் கும்பளங்கிக் கெட்டுகளிலிருந்து வந்தது. கெட்டு என்றால் வரப்புக் கட்டி இறால் வளர்க்கும் நீர்வயல். அதில் ஒரு கெட்டில் ரெஜினாவின் அப்பாவுக்கே பங்கு. அந்தச் சரக்கையும் அவளே திருப்பி அனுப்பினாள், இரண்டு தடவை. அவள் அப்பா கம்பெனி வாசலில் வந்து நின்று, "எடீ, ஒரு தடவை கூட நோக்கு" என்று கெஞ்சினாராம். அவள் இன்னொரு தடவை பார்த்தாள். குமிழிதான் வந்தது. "அப்பச்சா, என்னால முடியாது" என்று சொல்லிவிட்டாள். கெட்டுகாரர்கள் தண்ணீரை வடித்து, சுண்ணாம்பு போட்டு, வளர்ந்த இறாலை அள்ளிக் கொட்டினார்கள். மூன்று வாரம் இப்படியே போனது. பிறகு கம்பெனி அதே இறாலை வெளி லேப் ஒன்றுக்கு அனுப்பியது. கிருமி இல்லை என்று பதில் வந்தது. மானேஜர் எனக்குப் போன் செய்தார், தொட்டியை வந்து பார் என்று.

அன்று காலையில் ஏனோ ஃபிளாஸ்க்கை எடுத்தேன். என் கடையிலேயே ஐஸை நொறுக்கி, தெர்மாமீட்டரை இறக்கிவிட்டுச் சட்டை மாற்றப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பூஜ்யம். ஒரு மயிரிழை மேலும் இல்லை, கீழும் இல்லை. குலுக்கி மறுபடி வைத்தேன். பூஜ்யம். அப்போதுதான் அந்த கிரேட் கண்ணுக்கு முன்னால் வந்தது. விரலை நாக்கில் வைத்தேன், மூன்று வாரம் கழித்து அந்த உப்பு என் விரலில் இருக்குமா என்ன? ஆனால் வைத்தேன்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஃபிளாஸ்க்கில் ஐஸ் முழுக்கத் தண்ணீராகிவிட்டது.

கம்பெனிக்குப் போனேன். அங்கே போய்ச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். மானேஜர் லேப் வாசலிலேயே நின்றார். கூட இரண்டு பெரிய ஆட்கள். "வாங்க மாணிக்கம். நீங்க வந்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்னு இவங்க கிட்ட சொல்லிட்டிருந்தேன்" என்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், ஆசான் மாதிரி. பிழை எங்கே இருக்கிறது என்று என் உள்ளங்கைக்குத் தெரியும். இருந்தும் நின்றேன். பிறகு பின்பக்கம் போய்த் திருகாணியைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன். "இது இடம் மாறியிருக்கு. ரெண்டு டிகிரி. ஈரக் காத்துல இப்படி ஆகும்" என்றேன்.

"பார்த்தீங்களா? பத்து நிமிஷம்!" என்றார் மானேஜர் மற்றவர்களிடம்.

மறுநாள் விசாரணை. என்னையும் கூப்பிட்டார்கள். மேசை மேல் ரெஜினாவின் பதிவேடு திறந்து கிடந்தது. பக்கத்தில் அந்தத் துண்டுக் காகிதம் ஒட்டிய தெர்மாமீட்டர்.

"தெர்மாமீட்டர் காட்டினது நாற்பத்திரண்டரை. பதிவேட்ல தினமும் நாற்பத்திநாலரை. இதை என்னன்னு சொல்றது? கள்ள எழுத்துன்னுதானே?" என்றார் மானேஜர்.

"மாணிக்கம் சேட்டன்தான் ரெண்டு கூட்டச் சொன்னார்" என்றாள் அவள்.

"மாணிக்கம், நீங்க சொன்னீங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அறையில் படிக்காதவன் நான் ஒருவன்தான். 'ஆறாம் கிளாஸ் படிச்சவனை உள்ள விட்டா இப்படித்தான்' என்று அவர்கள் சொல்வது எனக்கு அவர்கள் சொல்வதற்கு முன்பே கேட்டது. அது அங்கே நிற்காது. மட்டாஞ்சேரி முழுக்க, ஒவ்வொரு லேபாக, எனக்கு முன்னால் போய் நிற்கும். இவளுக்கு டிகிரி இருக்கிறது, இது இல்லாவிட்டால் இன்னொரு இடம். எனக்கு என் பேரை விட்டால் வேறு காகிதம் இல்லை. இப்படியெல்லாம் ஓடியது மனசு. இது நியாயம் என்று எழுதவில்லை. ஓடியது, அதனால் எழுதுகிறேன்.

"நான் மெஷினைப் பத்தி ஏதோ சொன்னேன். தெர்மாமீட்டரைப் பத்திச் சொன்ன ஞாபகம் இல்ல."

"சேட்டன் ஒண்ணு ஓர்த்து நோக்கு" என்றாள் ரெஜினா. நினைத்துப் பார் என்று. குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தாள்.

"எனக்கு ஓர்மையில்ல மோளே."

மோளே என்று சொன்னேன், மகளே என்று. அந்தச் சொல்லை அப்போது சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

அவளை அன்றே அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதிவேட்டின் பக்கத்தில் சிவப்பு மையில் 'லேப் ஊழியர் பொய்யாக எழுதியது' என்று எழுதி மானேஜர் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் அந்தக் கம்பெனி விழாவில் பிழையைக் கண்டுபிடித்ததற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டேன்.

படித்த பெண், வேறு லேபில் வேலை கிடைக்கும் என்று என் மனசைத் தேற்றியிருந்தேன். கிடைக்கவில்லை. கொச்சியில் இருக்கிற லேபுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்பவை. கள்ள எழுத்து எழுதினவள் என்றால் யார் சேர்ப்பார்கள்? கும்பளங்கியில் அவளால் இறாலைக் கொட்டியவர்கள் அவள் வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பிறகு ஜூ டவுனில், அதுதான் பழைய யூதர் தெரு, ஒரு பழம்பொருள் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தத் தெரு வழியாகப் போவதை நான் நிறுத்தினேன். அங்கே ஒரு மசாலா லேபில் வேலை வந்தால் பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிப் போவேன். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் இப்படிச் சுற்றிப் போயிருக்கிறேன்.

போன வருடச் சங்க மலரில் என் படத்தைப் போட்டு, 'இறால் கம்பெனியில் யாராலும் கண்டுபிடிக்க முடியாத இரண்டு டிகிரிப் பிழையைப் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்தவர்' என்று எழுதினீர்கள். என் மனைவி அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். என்னால் அந்த வரியை வாய்விட்டு வாசிக்க முடியவில்லை. கண்ணாடியைக் காணோம் என்றேன். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது. அன்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, "அந்தப் பொண்ணு உயிரோட இருக்காளா?" என்றாள். இருக்கிறாள் என்றேன். "அப்ப என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றாள்.

மறுநாள் ஜூ டவுனுக்கு நேர் வழியாகப் போனேன். ரெஜினா கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ஒரு பித்தளைக் குத்துவிளக்கைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். உடனே தெரிந்துகொண்டாள்.

"மாணிக்கம் சேட்டனோ? விக்க வந்தீங்களா, வாங்க வந்தீங்களா? பழசுன்னா இங்க நல்லா போகும். சேட்டனை ஜன்னல்ல உட்கார வச்சா இன்னைக்கே ஒரு வெள்ளைக்காரன் கொண்டுபோயிடுவான்."

எனக்குச் சிரிக்க வரவில்லை. நின்றபடியே சொன்னேன். கிரேட், உப்பு, திருகாணி, ஓர்மையில்லை என்று சொன்னது. நடுவில் இரண்டு டூரிஸ்டுகள் வந்து விலை கேட்டார்கள். அவள் பதில் சொல்லிவிட்டு மறுபடி என் பக்கம் திரும்பினாள். நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்ப தெரியும்?"

"விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலமே. நீங்க திருகாணியைத் திருப்பிட்டுப் போனதும், நான் லேப் தண்ணியில ஐஸ் செய்து என் தெர்மாமீட்டரை வச்சுப் பார்த்தேன். பூஜ்யம். சேட்டன் எந்த ஐஸ்ல பார்த்தார்னு யோசிச்சேன். மனசிலாச்சு."

"அப்ப ஏன் மோளே சொல்லல?"

"சொன்னேனே. மானேஜர் கிட்ட காலையிலேயே சொன்னேன். மெக்கானிக்கைக் கேட்போம்னார். கேட்டார்." குத்துவிளக்கில் நூலை இழுத்துக் கட்டினாள். "சேட்டன் மறந்திருப்பார், ஓர்த்தா சொல்லுவார்னு நெனச்சேன். அதான் ஓர்த்து நோக்குன்னேன்."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. விளக்கைச் சுற்றிய காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பச்சன் போன மழைக்குப் போயிட்டார்" என்றாள். "கடைசி ஒன்றரை வருஷம் படுக்கை. நான்தான் கஞ்சி குடுத்தேன். குடிச்சார். ஆனா 'நீ பார்த்துத்தான் எழுதினியா'ன்னு ஒரு தடவைகூட கேக்கல. பொய்யாத்தான் எழுதினேன்னு வச்சுட்டு, பெத்த கடனுக்கு மன்னிச்சுட்டார். அதான் எனக்குத் தாங்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"என்னை மன்னிச்சிடு" என்று கும்பிட்டேன்.

"கையை இறக்குங்க, ஆட்கள் பார்க்கிறாங்க." அவள் குரல் முதல் தடவையாகக் கடுத்தது. "எனக்குத் தெரிஞ்சதை எனக்கே வந்து சொல்லி என்ன காரியம்? தெரியாதவங்க அத்தனை பேர் இருக்காங்க. அவங்க கிட்ட போய்ச் சொல்லுங்க." அடுத்த விளக்கை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

அதனால்தான் எழுதுகிறேன்.

சங்கத் தலைவருக்கும் மலர்க் குழுவுக்கும் நான் சொல்வது இது. போன வருட மலரில் என்னைப் பற்றிப் போட்ட அந்த வரி தப்பு. திருத்தம் போடுங்கள். மூலையில் சின்ன எழுத்தில் போடக் கூடாது, என் படத்துக்குக் கீழே போடுங்கள். கும்பளங்கி ரெஜினா பொய் எழுதவில்லை, தெர்மாமீட்டரில் பார்த்ததோடு நான் சொன்ன இரண்டைக் கூட்டித்தான் எழுதினாள் என்று போடுங்கள். இந்த மலரைக் கொச்சியில் இருக்கிற எல்லா லேபுக்கும் அனுப்புங்கள். கும்பளங்கிக் கெட்டுகாரர்களுக்கு நானே கொண்டுபோய், மலையாளத்தில் வாசித்துச் சொல்கிறேன்.

அந்தக் கம்பெனியை இப்போது நடத்துகிறவர்களுக்கும் சொல்கிறேன். பழைய பதிவேடு உங்கள் அலமாரியில் இருந்தால் எடுங்கள். அந்தச் சிவப்பு வரியை அடிக்க வேண்டாம். அடித்தால் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாமல் போகும். அதற்குக் கீழே எழுத இடம் விடுங்கள். நான் வருகிறேன். 'திருகாணியைத் திருகியவன் மாணிக்கம், இரண்டு கூட்டச் சொன்னவன் மாணிக்கம், கேட்டபோது இல்லை என்றவன் மாணிக்கம்' என்று என் கையால் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். அதில் எனக்கு உள்ள பங்கை எவருக்கும் விட்டுத்தர மாட்டேன். அந்த இரண்டு டிகிரி என்னுடையது. என் பேரில் எழுதுங்கள்.